உதவி கொடுக்கும் சிறிய ட்ரஸ்டுக்கு முதல் வெப்சைட்: எதில் தொடங்குவது?

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

தந்தையின் நினைவாகக் குடும்பத்தினர் நடத்தும் ஒரு ட்ரஸ்டுக்கு அவர் செயலாளர். பொறுப்பாளர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவரான தம்பி டொரொண்டோவில் இருக்கிறார். நிலையான வைப்பின் வட்டியிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் பதினெட்டுப் பேருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் கொடுக்கிறார்கள். பெரும்பாலோர் மலையகத்தையும் மட்டக்களப்பையும் சேர்ந்தவர்கள். அதைவிட ஊர் நூலகம், மாலை வகுப்பு போன்றவற்றுக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு சிறிய உதவிகளும் உண்டு. இதுவரை எல்லாம் தெரிந்தவர்கள் மூலமும் செயலாளரின் வட்ஸ்அப் மூலமுமே நடந்திருக்கிறது. போன வருடம் ஹட்டன் பக்கத்து மாணவி ஒருத்தி, "உங்களைப் பற்றி முடிவுத் திகதிக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். வெப்சைட் யோசனை அப்போதுதான் வந்ததாம்.

இப்போது குழப்பம். ஒரு நிறுவனம் மூன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறது. மருமகன், அதாவது இன்னொரு தம்பியின் மகன், சும்மா செய்து தருகிறேன் என்கிறான். டொரொண்டோ தம்பிக்கு ஆங்கிலத்தில், காசோலை வழங்கும் படங்களுடன், நன்கொடை பட்டனும் வேண்டும். இன்னொரு பொறுப்பாளர், "வெப்சைட் போட்டால் நாடு முழுக்க இருந்து விண்ணப்பம் குவியும்" என்று பயப்படுகிறார். விண்ணப்பத்தை ஒன்லைனில் வாங்கலாமா, சட்டச் சிக்கல் வருமா என்பவை செயலாளரின் சொந்தக் கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

விலையையும் அழகையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஹட்டன் மாணவி. உங்கள் வெப்சைட்டின் முதல் வாசகி அவள்தான். டேட்டா கார்ட் போட்ட ஒரு சாதாரண போனில், பஸ்ஸில் நின்றபடி, "எனக்குக் கிடைக்குமா, எப்போது, என்ன அனுப்ப வேண்டும்" என்று தேடுவாள். கூட்டத்தில் எந்த யோசனை வந்தாலும் அவளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டுப் பாருங்கள். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் தம்பி மனதில் வைத்திருப்பது நன்கொடை திரட்டும் அமைப்புகளின் வெப்சைட். அவர்கள் பணம் தருபவரைத் தேடுகிறார்கள். அதனால் பெரிய படங்களும் நெகிழ வைக்கும் கதைகளும் பட்டனும் தேவைப்படுகின்றன. உங்களிடம் பணம் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய ஆளைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. வடிவமைக்கும் நிறுவனங்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டறியாமலே விலை போட்டுவிடுவதை நிறையப் பார்க்கிறேன்.

விண்ணப்பம் குவியும் என்ற பயம்

பயப்படும் பொறுப்பாளர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் குவியலுக்குக் காரணம் வெப்சைட்டில் எழுதப்படும் மங்கலான வாசகம். "வறிய மக்களின் கல்விக்கும் மேம்பாட்டுக்கும் உதவுகிறோம்" என்று போட்டால், மருத்துவச் செலவுக்கும் வீட்டுக் கூரைக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீங்கள்தானே மேம்பாடு என்றீர்கள்.

முகப்பின் முதல் திரையில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"இலங்கை அரச பல்கலைக்கழகம் ஒன்றில் இந்த ஆண்டு முதலாம் வருடத்தில் சேரும் மாணவர்களுக்கு, பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் 5,000 ரூபாய் தருகிறோம். இந்த ஆண்டு ஐந்து புதிய இடங்கள் உள்ளன. மகாபொல புலமைப்பரிசில் பெறுபவர்களும் விண்ணப்பிக்கலாம்."

அதற்குக் கீழேயே, அதே எழுத்தளவில்:

"தனியார் கல்வி நிறுவனக் கட்டணம், வெளிநாட்டுப் படிப்பு, மருத்துவச் செலவு, கடன் அடைத்தல், கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு உதவுவதில்லை. விண்ணப்பிக்க எந்தக் கட்டணமும் இல்லை. எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், எங்களுக்குத் தெரிவியுங்கள்."

பதினெட்டுப் பேர் என்றீர்கள், நான்கு வருடப் படிப்பு என்றால் ஆண்டுக்கு நான்கைந்து இடங்கள்தான் புதிதாக வரும் என்ற கணக்கில் ஐந்து என்று எழுதினேன். உங்கள் உண்மையான எண்ணைப் போடுங்கள். ஆனால் ஒரு எண் கட்டாயம் இருக்க வேண்டும். போன வருடம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஐந்து இடத்துக்கு அறுபது பேர் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளை இதை மட்டும் நம்பி இருக்காமல் வேறு இடத்திலும் கேட்டு வைப்பாள்.

மகாபொல பற்றிய வரி சின்னதாகத் தெரியும். அதை விட்டுவிடாதீர்கள். மகாபொல வாங்குகிறேன் என்று சொன்னால் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் மாணவர்கள் அதை மறைப்பதுண்டு. பிறகு விஷயம் தெரியவரும்போது, பொய் சொல்லிவிட்டாள் என்று பொறுப்பாளர்களுக்குக் கோபம் வரும். விதியைச் சொல்லாமல் விட்டவர்கள் நாம்தான். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களைப் பற்றியும் இப்படியே ஒரு வரி வேண்டும்.

இதையெல்லாம் எழுத உட்காரும்போது ஒரு சங்கடம் வரும். பல குடும்ப ட்ரஸ்டுகள் "பார்த்துச் செய்வோம்" என்ற முறையில்தான் ஓடுகின்றன. தெரிந்த அதிபர் சொன்னால் ஒரு மாதிரி, தெரியாதவர் கேட்டால் இன்னொரு மாதிரி. அது எழுத்துக்கு வர மறுக்கும். அதனால் வடிவமைப்பாளரைக் கூப்பிடுவதற்கு முன்பே பொறுப்பாளர்கள் ஐந்து பேரும் ஒருநாள் இருந்து இந்த இரண்டு பந்தியையும் எழுதி முடியுங்கள். கையில் ட்ரஸ்ட் உறுதியை வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதில் சொன்ன நோக்கத்துக்கு வெளியே வெப்சைட்டில் வாக்குறுதி கொடுத்துவிடக் கூடாது. உண்மையைச் சொன்னால் வேலையின் பெரும்பகுதி இதுதான், மீதியை மருமகன் ஒரு வார இறுதியில் முடித்துவிடுவான்.

ஒன்லைன் விண்ணப்பம்

வாங்கலாம். ஆனால் இரண்டு கட்டமாக வாங்குங்கள்.

இப்போது நீங்கள் ஆரம்பத்திலேயே கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், அதிபர் கடிதம், பெற்றோரின் வருமான விவரம், வங்கிப் புத்தகப் பிரதி எல்லாம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் வேலை செய்யும் தாய் ஒருவர் அந்தச் சான்றிதழுக்காகப் போனால் அன்றைய நாட்சம்பளம் போகிறது. பஸ் காசு, கொமியூனிகேஷனில் போட்டோக்கொப்பி, ஸ்கேன் என்று செலவு வேறு. அறுபது பேர் விண்ணப்பித்தால் அதில் ஐம்பத்தைந்து குடும்பங்கள் இந்தச் செலவை வீணாகச் செய்திருக்கும். உதவி தேவைப்படுபவர்களிடமிருந்துதான் நாம் இதை எடுக்கிறோம்.

முதல் கட்டத்தில் பத்துக் கேள்விகளுக்குள் ஒரு படிவம் போதும்: பெயர், மாவட்டம், பல்கலைக்கழகம், பாடநெறி, வீட்டில் எத்தனை பேர், யார் உழைக்கிறார்கள், வேறு உதவி கிடைக்கிறதா, தொடர்பு எண், பிறகு "உங்கள் நிலைமையை ஐந்தாறு வரியில் சொல்லுங்கள்" என்று ஒன்று. அதிலிருந்து பன்னிரண்டு பதினைந்து பேரைத் தெரிவுசெய்து அவர்களிடம் மட்டும் ஆவணம் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் முதல் கட்டத்தில் தேவையே இல்லை.

கூகுள் போர்ம் இலவசம், தமிழிலும் நன்றாக வேலை செய்யும். ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அதில் கோப்பு பதிவேற்றும் கேள்வி ஒன்றைச் சேர்த்தால், நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும். அக்காவின் போனை வாங்கி நிரப்பும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஆவணத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் இந்தத் தொல்லையும் இல்லை. கூடவே, அச்சடித்து நிரப்பித் தபாலில் அனுப்பக்கூடிய ஒரு படிவத்தையும் போட்டு வையுங்கள். சிலர் அதைத்தான் பயன்படுத்துவார்கள்.

அனுப்பியவுடன் திரையில் வரும் செய்தியை யாரும் யோசித்து எழுதுவதில்லை. "கிடைத்தது. இந்தத் திகதிக்குள் எல்லோருக்கும், கிடைக்காதவர்களுக்கும், பதில் அனுப்புவோம்" என்று எழுதுங்கள், எழுதியபடி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஐம்பத்தைந்து பேரும் உங்கள் வட்ஸ்அப்புக்கு வருவார்கள்.

காசோலைப் படங்களும் சட்டமும்

இந்த இடத்தில் தம்பியோடு நீங்கள் உறுதியாக நிற்க வேண்டியிருக்கும்.

படம் போட்டால் பணம் உண்மையாகவே போகிறது என்று உலகம் நம்பும் என்பது அவருடைய வாதம். நோக்கம் சரிதான். ஆனால் அந்த மாணவி நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அவளுடைய பெயரைக் கூகுளில் தேடினால் முதலில் வருவது காசோலை வாங்கும் படமாக இருக்கலாம். சம்மதம் கேட்டோமே என்பீர்கள். பணம் தருபவர் கேட்கும்போது வேண்டாம் என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பகுதிகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே அதன் அடிப்படைகளைப் பின்பற்றுவது உங்களுக்கு நல்லது: எதற்காகக் கேட்கிறோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது, தேவைக்கு மேல் கேட்காதது, தேவை முடிந்ததும் அழிப்பது, பத்திரமாக வைத்திருப்பது. சிறுவர்களின் தரவை அந்தச் சட்டம் விசேட கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் பெரியவர்கள், ஆனால் மாலை வகுப்புப் பிள்ளைகள் அப்படியல்ல. அவர்களின் முகங்கள் தெரியும் படங்களை அறவே போட வேண்டாம் என்பது என் ஆலோசனை. "சின்ன ட்ரஸ்ட்தானே, சட்டம் எங்களுக்கு எங்கே பொருந்தப்போகிறது" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சிறியது என்பதை மட்டும் வைத்து அப்படி நினைத்துவிட முடியாது. ஒருமுறை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிப்படைத்தன்மைக்குப் படத்தை விட நல்ல வழி ஒரு அட்டவணை. ஆண்டு, மாவட்டம், எதற்காக, எவ்வளவு. "2024, நுவரெலியா, பொறியியல் மாணவர் ஒருவர், 60,000 ரூபாய்" என்ற மாதிரி. பெயர் இல்லை. நூலகங்களுக்கும் சங்கங்களுக்கும் கொடுத்ததை மட்டும் பெயரோடு போடலாம். வங்கியில் இருந்த உங்களுக்கு இந்த அட்டவணை படத்தை விட அதிகம் பேசும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முடிந்தால் கணக்காய்வு செய்த வருடாந்தக் கணக்கையும் கீழே இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: "பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனம்" என்று எழுதும் முன் நிதானியுங்கள். நொத்தாரிசு முன் எழுதிய ட்ரஸ்ட் உறுதி ஒன்று. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவு செய்வது இன்னொன்று. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி மூன்றாவது. எது உங்களிடம் இருக்கிறதோ அதை அதன் பெயரிலேயே, இலக்கத்தோடு எழுதுங்கள். வரிச் சலுகை பற்றியும் அப்படித்தான். அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனம் என்ற நிலை கையில் இல்லாமல் அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள்.

நன்கொடை பட்டன் இப்போதைக்கு வேண்டாம். வெளியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பொதுமக்கள் பணம் வாங்க ஆரம்பித்தால் ட்ரஸ்டின் தன்மையே மாறுகிறது. வங்கி கேள்வி கேட்கும், பதிவு பற்றிய கேள்வி வேறு உருவம் எடுக்கும், பற்றுச்சீட்டு எழுத ஆள் வேண்டும். தம்பியின் நண்பர்கள் இரண்டு பேர் தர விரும்பினால் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

யாரிடம் கொடுப்பது?

மூன்றரை இலட்சம் என்பது உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட ஆறு மாணவர்களின் ஓராண்டு உதவி. நிறுவனம் கொடுத்த அந்த விலை மதிப்பீட்டில் பதினான்கு பக்கங்கள், நகரும் படங்கள், செய்திப் பகுதி, உறுப்பினர் உள்நுழைவு எல்லாம் இருக்கின்றன. உங்களுக்குத் தேவை ஐந்து பக்கம்: முகப்பு, விண்ணப்பிப்பது எப்படி, இதுவரை கொடுத்தவை, எங்களைப் பற்றி, தொடர்பு. செய்திப் பகுதி வேண்டவே வேண்டாம். கடைசிச் செய்தி இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் ட்ரஸ்ட் மூடிவிட்டது என்று நினைப்பார்கள்.

மருமகன் செய்யட்டும் என்றுதான் நான் சொல்வேன். இலவசம் என்பதற்காக ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் விடாதீர்கள். அவன் வேலை கிடைத்து மெல்பேர்ன் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வெப்சைட்டின் முகவரியான டொமைன் பெயரை ட்ரஸ்டின் பெயரில், ட்ரஸ்டுக்கென்று திறந்த மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள், கட்டணத்தை ட்ரஸ்ட் கட்டட்டும். கடவுச்சொற்கள் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். எழுதியதும் வடிவமைத்ததும் ட்ரஸ்டுக்கே சொந்தம் என்று ஒரு பக்கக் கடிதத்தில் அவன் கையெழுத்திடட்டும். குடும்பத்துக்குள் கடிதமா என்று தயங்குவீர்கள். வங்கியில் உறவினருக்குக் கடன் கொடுக்கும்போது ஆவணம் வாங்காமல் விட்டிருப்பீர்களா? நிறுவனத்திடமே கொடுத்தாலும் இதே நிபந்தனைகள்தான்.

வேர்ட்பிரஸ்ஸில் கட்டப் போவதாகச் சொல்கிறான். நல்ல மென்பொருள், இலவசம். ஆனால் அதையும் அதன் துணைச் செருகிகளையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் யாராவது புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டுவிடுவது சாதாரணமாக நடப்பது. பராமரிக்க ஆள் நிச்சயமில்லை என்றால் முதல் ஆண்டுக்குக் கூகுள் சைட்ஸ் போதும். பார்க்கக் கொஞ்சம் எளிமையாக இருக்கும், சொந்த டொமைனையும் அதில் இணைக்கலாம், புதுப்பிக்கும் தலைவலி உங்களுக்கு இல்லை. நீங்களே உட்கார்ந்து ஒரு திகதியை மாற்றவும் முடியும். வெப்சைட் வடிவமைக்கும் என் தொழில்காரர்கள் இதைச் சொல்ல விரும்புவதில்லை, வருமானம் இல்லாத ஆலோசனை.

டொமைனுக்கு டொட் எல்கே (.lk) என்று முடியும் பெயரையே பரிந்துரைக்கிறேன். இலங்கையில் இருக்கும் அமைப்பு என்பது பார்த்தவுடன் தெரியும். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. ஆசையாக இருந்தால் கூடுதலாக எடுத்து வைக்கலாம், ஆனால் தொலைபேசியில் சொல்லி எழுத வைக்க ஆங்கில முகவரிதான் சுலபம்.

மொழி

தமிழ் முதலில், ஆங்கிலம் இரண்டாவது. சிங்களத்தில் ஒரே ஒரு பக்கம், ஆனால் சிங்களம் தெரிந்த ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போட்டால் மரியாதை கெடும்.

உங்களிடம் இருக்கும் பழைய தமிழ் ஆவணங்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை என்று நினைக்கிறேன், இங்கே பெரும்பாலும் அப்படித்தான். அவற்றை அப்படியே ஒட்டினால் மாணவியின் போனில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும், கூகுளும் கண்டுபிடிக்காது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறும். தமிழை ஒரு படமாக மாற்றிப் போடும் வேலையும் வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு போதும், அளவைக் கொஞ்சம் பெரிதாக, வரிகளுக்கு இடையே தாராளமாக விடச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு வரைந்த பட்டனுக்குள் "விண்ணப்பிக்க" அடங்காமல் உடையும், அதனால் மருமகன் முதலில் தமிழ்ப் பக்கத்தைக் கட்டட்டும். போனில் எடுத்த படங்களைச் சுருக்காமல் ஏற்றவும் விடாதீர்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும், அது மாணவியின் டேட்டா.

திறக்கும் முன் ஒரு சோதனை. இப்போது உதவி பெறும் மாணவர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, "புதிதாக வருபவர் மாதிரி விண்ணப்பித்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே வாசகத்தை மாற்றுங்கள். தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். "எங்களைப் பற்றி" பக்கத்தை ஆங்கிலத்தில் அவரே எழுதட்டும், அப்பாவின் படத்தோடு.

கடைசியாக, வெப்சைட் இருந்தாலே மாணவர்கள் வந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஹட்டன் மாணவிக்கு உங்கள் ட்ரஸ்டின் பெயரே தெரியாது, எதைக் கூகுளில் தேடுவாள்? உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் சமயத்தில் விண்ணப்பத்தைத் திறந்து, மலையகத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள பாடசாலை அதிபர்களுக்கும் பல்கலைக்கழகங்களின் மாணவர் நலப் பிரிவுகளுக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். முடிவுத் திகதியும் இணைப்பும் உள்ள ஒரு சிறிய செய்தியை, வட்ஸ்அப்பில் அப்படியே முன்னனுப்பக்கூடிய மாதிரி, கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். திறந்து குறைந்தது ஆறு வாரமாவது விட்டு முடிவுத் திகதியை வையுங்கள், தபாலில் வருபவர்களும் இருக்கிறார்கள்.